தாட்சாயணியின் அகராதி

வரதய்யபாளையத்தில் எனக்குக் கிடைத்த அறை மாடியில் இருந்தது. பழைய வீடு. படியேறும்போதே சுண்ணாம்பும் ஈரமும் கலந்த வாசம் மூக்கில் ஏறும். இருந்தது ஒரே ஒரு ஜன்னல், அதுவும் நான் உட்காரும் மேசைக்கு முதுகுப் பக்கம். சாவியைக் கொடுத்த வீட்டுக்காரம்மா செல்லியம்மா, "மழ வந்தா ஜன்னல சாத்திக்கமா. பேய் பிசாசு ஒண்ணும் கெடியாது, கொசுதான்" என்றார். நானும் சிரித்தேன். அந்த மாதிரி பயமெல்லாம் அப்போது எனக்குக் கிடையாது.

ஜியோ சிம் வந்த வருஷம் அது. வேர்க்கடலை போட்டுக்கொண்டிருந்த நிலங்களில் ஜப்பான்காரர்களின் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்தன. அதில் ஒன்றில் நான் ஸ்குரூ முடுக்கிக்கொண்டிருந்தேன். ஆபீசில் மொழிபெயர்ப்பாளர் நாற்காலி ஒன்று காலியானது. பரீட்சையில் தேறினால் ஆறு மாதம் ஜப்பானில் பயிற்சி, திரும்பி வந்தால் நிரந்தர வேலை. தேறாவிட்டால் ஒப்பந்தம் முடிந்து வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வீட்டில் நைனா மாந்தோப்புக் கூலிக்குப் போன இடத்தில் மரத்திலிருந்து விழுந்து, வலது கையில் புத்தூர்க் கட்டோடு உட்கார்ந்திருந்தார். அந்தக் கை சேரும்வரை என் கைதான் உலை வைக்க வேண்டும்.

ஆபீசில் வேலை செய்த சந்தியாதான் எனக்கு ஒரு வசதியைக் காட்டினாள். பிரவுசரில் ஒரு சின்ன அகராதியைச் சேர்த்துக்கொள்ளலாம். ஜப்பானிய எழுத்தின்மேல் மவுஸை வைத்து ஷிஃப்ட் விசையை அழுத்தினால் ஒரு பெட்டி திறந்து, எப்படிப் படிப்பது, என்ன அர்த்தம் என்று காட்டும். அர்த்தம் வந்ததென்னவோ இங்கிலீஷில். அந்த இங்கிலீஷுக்கு அர்த்தம் தேட இன்னொரு அகராதி வேண்டியிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"தாட்சாயணி அக்கா தமிழ்லயே ஒண்ணு போட்டு வச்சிருந்தாங்கடி" என்றாள் சந்தியா. "அவங்க பென்டிரைவ் ஊட்லதான் கீதாம். நான் போன் பண்ணி சொல்றேன், போய் வாங்கிக்க."

அந்த நாற்காலி தாட்சாயணியுடையது. ஜப்பான் விசா கைக்கு வந்த வாரத்தில் காய்ச்சலில் படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நைனாவைக் கட்டு மாற்றப் புத்தூரில் உட்கார வைத்துவிட்டு, பக்கத்திலிருந்த தாட்சாயணியின் ஊருக்கு நான் மட்டும் போனேன். கருமாதி இன்னும் ஆகவில்லை. கூடத்தில் படத்துக்கு முன்னால் விளக்கும் ஒரு சொம்புத் தண்ணீரும் இருந்தன. மூலையில் புது டிராலிப் பெட்டி, விலைச்சீட்டுக்கூடக் கிழிக்காமல் நின்றது. தாட்சாயணியின் அம்மா ரத்தினம்மா பென்டிரைவை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டார், அவ்வளவுதான்.

வாசல்படி தாண்டும்போது பழக்கதோஷத்தில் அதைச் சொல்லிவிட்டேன்.

"போய்ட்டு வரேம்மா."

சாவு வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு புறப்படக் கூடாது. சொன்னால் சாவு மறுபடி வரும், செத்தவரும் கூடவே வருவார் என்பார்கள். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம். ஆபீஸ் பழக்கம் என் நாக்கை இழுத்துவிட்டது. ஜப்பான்காரர்களும் நம்மைப் போலத்தான், கிளம்பும்போது போய்விட்டு வருகிறேன் என்பார்கள். அதைத் தினமும் நூறு தடவை ஒப்பித்துக்கொண்டிருந்தேன்.

ரத்தினம்மா தலை நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். பிறகு என் தோளுக்குப் பக்கத்தில் பார்த்தார்.

"ரெண்டு பேரும் பத்தரமா போங்க" என்றார்.

பெற்ற வயிறு, துக்கத்தில் ஏதோ பேசுகிறது என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பக்கத்து இருக்கை காலியாகத்தான் இருந்தது. கண்டக்டர் இரண்டு டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு, என்னை உற்றுப் பார்த்து, ஒன்றைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

மறுநாள் வேலை முடிந்து வந்ததும் அறையிலிருந்த என் பழைய கம்ப்யூட்டரில் அகராதியை ஏற்றினேன். ஏற்றிய அகராதிகளில் எது முதலில் பேச வேண்டும் என்று வரிசை வைக்கலாம். தாட்சாயணியுடையதை உச்சியில் வைத்தேன். முதல் சொல்லின்மேல் மவுஸை வைத்தேன். 'யகேதோ' என்று உச்சரிப்புக் காட்டி, கீழே தமிழில் எழுதியிருந்தது: சுட்டுக்கிறது. கஞ்சி வடிக்கசொல்ல கை சுட்டுக்கினா சொல்றது.

வாய்விட்டுச் சிரித்தேன். செத்தவள் என்றுகூடத் தோன்றவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது போலவே இருந்தது. அந்த வாரத்தில் நான் கற்றது அதற்கு முன் ஒரு வருஷத்தில் கற்றதைவிட அதிகம். அவளை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பரீட்சைக்கு முந்தைய நாள் சாயங்காலம். வானம் கறுத்து, அறைக்குள் விளக்குப் போடுமளவுக்கு இருட்டியிருந்தது. மாதிரி வினாத்தாளைத் திறந்து 'அமே' என்ற சொல்லின்மேல் மவுஸை வைத்தேன்.

மழை. ஜன்னல சாத்து.

உதாரணம் போலும் என்று நினைத்த அதே நேரம் முதுகில் சாரல் அடித்தது. எழுந்து ஜன்னலைச் சாத்தினேன். எல்லா மழைக்கும் ஜன்னல் சாத்துவதுதானே, இதில் என்ன இருக்கிறது என்று என்னையே அதட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

சாத்திய அறையில் ஒரு வாசம் எழுந்தது. காய்ச்சல்காரர் நெற்றியில் போட்டுப் போட்டு எடுத்த ஈரத்துணி வாசம்.

அடுத்த சொல் 'உஷிரோ'. மவுஸை வைத்தேன்.

பின்னால. நான் நிக்கிற எடம்.

நான் திரும்பவில்லை.

திரும்ப முடியவில்லை. பிடரியில் அனல் அடித்தது. அடுப்பு அனல் இல்லை. ஆள் மூச்சு.

மவுஸைப் பிடித்திருந்த கையை அப்படியே நகர்த்தி, செட்டிங்ஸுக்குள் போய், தாட்சாயணியின் அகராதியை அழித்தேன். உறுதியா என்று கேட்டது. ஆமாம் என்றேன். அழிந்தது. பென்டிரைவையும் பிடுங்கினேன். வினாத்தாளுக்கு வந்து ஒரு சொல்லைத் தொட்டுப் பார்த்தேன். வெறும் இங்கிலீஷ். என் வாழ்க்கையில் இங்கிலீஷைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

மவுஸ் அம்பு நகர்ந்தது.

மெதுவாக, வரி வரியாக, படித்துக்கொண்டே போவது போல நகர்ந்து, 'இஷ்ஷோ' என்ற சொல்லின்மேல் நின்றது. பெட்டி திறந்தது.

சேந்து. நீதானே கூப்ட்ட.

கரண்ட் போனது. நான் படிகளில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. செல்லியம்மாவின் சமையலறையில் நின்றுகொண்டு நைனாவுக்குப் போன் போட்டேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

"சாவு ஊட்ல சொல்லிக்கினு வந்தியா தேவயானி?" என்றார். குரல் இறங்கியிருந்தது. "இன்னா காரியம் பண்ணிக்கினு வந்துகீற. அந்தப் பொருள திருப்பிக் குடுத்துடு. குடுத்துட்டு வாய தொறக்காம வந்துடு. சொல்லாம வந்தா உட்டுடும்."

"நாளைக்கு எக்ஸாம் நைனா."

"எக்ஸாம் போனா போவுது கண்ணு. நீ வேணும் எனக்கு."

அந்தச் சொல்லைக் கேட்டபிறகு பரீட்சைக்கு நான் எப்படிப் போகாமல் இருப்பேன்? இப்படிப்பட்ட மனுஷனைக் கட்டுப்போட்ட கையோடு கூலிக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அன்றைக்குச் செல்லியம்மா பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தேன். காலையில் பரீட்சைக்குப் போனேன்.

வெள்ளை வெளிச்சமான அறை. கம்ப்யூட்டர் கிடையாது, வெறும் காகிதம். மேற்பார்வைக்கு ஜப்பான் அதிகாரி மொரிதா சான் உட்கார்ந்திருந்தார். முதல் பக்கம் நன்றாகப் போனது, நானே படித்ததுதான். இரண்டாம் பக்கத்தில் இயந்திரப் பாதுகாப்பு பற்றி ஒரு பத்தி. நடுவில் எனக்குத் தெரியாத சொல் ஒன்று. பழக்கத்தில் அதன்மேல் விரலை வைத்தேன்.

வலது காதில் அனல் பட்டது.

"மாட்டிக்கிறது" என்றது குரல். "மிசின்ல கை மாட்டிக்கினா சொல்றது."

பேனா கீழே விழுந்தது. எழுந்து ஓடியிருக்கலாம். நைனாவின் கட்டுப்போட்ட கை கண்ணுக்கு முன்னால் வந்தது. பேனாவை எடுத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன். விரல் போன இடமெல்லாம் குரல் வந்தது. ஒரு இடத்தில் நான் தப்பாக எழுதப்போனபோது, அது பொறுமையில்லாமல் உச்சுக்கொட்டியது. கண்ணீர் சொட்டிச் சொட்டிக் காகிதம் நனைந்தது.

தாளை வாங்கிய மொரிதா சான், களைத்துப்போயிருக்கிறாய் என்று சொல்லி இயந்திரத்தில் டீ பிடித்து வந்தார். இரண்டு கோப்பைகளையும் என் முன்னால் வைத்துவிட்டு, ஏன் இரண்டு எடுத்து வந்தேன் என்று தனக்குள் முணுமுணுத்துக்கொண்டு போனார்.

தேறிவிட்டேன். ஜப்பான் போவது உறுதி என்று சனிக்கிழமை சொன்னார்கள். சந்தியா கட்டிப்பிடித்துக் கத்தினாள். எனக்குச் சிரிக்க வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வெயில் சுள்ளென்று அடித்தது. ரத்தினம்மா வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். பென்டிரைவை அவர் மடியில் வைத்தேன். நிமிர்ந்து, "பாஸ் ஆயிட்டியாமே" என்றார். தலையை மட்டும் ஆட்டினேன். நைனா சொன்னபடி உதட்டைப் பூட்டிக்கொண்டேன். கூடத்துப் பக்கம் கண்ணைக்கூடத் திருப்பவில்லை. ஆனாலும் தெரிந்துவிட்டது, மூலையில் நின்ற டிராலிப் பெட்டி இப்போது வாசல்படிக்கு அருகில் இருந்தது.

திரும்பி நடந்தேன். சொல்லவில்லை. ஒரு வார்த்தை சொல்லவில்லை. தெருவின் வெளிச்சத்துக்கு வந்ததும் உடம்பெல்லாம் லேசானது. விட்டுவிட்டது, அப்பாடா என்று நினைத்தேன்.

"போய்ட்டு வரேம்மா."

என் வாயைப் பொத்திக்கொண்டேன். என் உதடுகள் மூடித்தான் இருந்தன. குரல் என் வலது தோளருகிலிருந்து வந்திருந்தது.

திரும்பிப் பார்த்தேன். அந்த வீட்டில் முதல்முறையாக ரத்தினம்மா சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஆவட்டும் கண்ணு" என்றார். "அங்க குளுருமாம். சொட்டர மறக்காத."

அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.