றொசல்லயில் மாறிப்போன மட்டக்கம்பு

"ஏ புள்ள! அதை எடு... மொதல்ல அதை எடு!"

மலையே திரும்பிப் பார்க்கும்படி கத்திக்கொண்டு ஓடி வந்தான் சோலைமலை. வேலாயி நிமிர்ந்தாள். மழை அப்போதுதான் விட்டிருந்தது. அவள் இமையில் ஒரு துளி... விழவா வேண்டாமா என்று நின்றது. அந்தக் கண்ணைப் பார்த்ததும் அவனுக்குச் சொல்ல வந்ததில் பாதி மறந்துபோயிற்று.

"எதைங்க எடுக்கணும்?"

"அந்தக் கம்பை!"

தேயிலைச் செடியின் தலையில் அதைப் படுக்க வைத்திருந்தாள் அவள். கொழுந்து கிள்ளும்போது செடி மேடு பள்ளமாகாமல் பார்க்க வைக்கும் மட்டக்கம்பு என்று நினைத்துத்தான். அவளுடையது காலையில் முறிந்துவிட்டது. மழைக்கு ஒதுங்கிய, கொழுந்து நிறுக்கும் மடுவத்தில், பெண்கள் சாத்திய கம்புகளோடு ஒன்று கூடுதலாக நின்றது. கேட்டாள், யாரும் என்னுடையது என்று சொல்லவில்லை. றொசல்ல ஸ்டேசனில் ரயிலை விட்டு இறங்கிய சோலைமலை அதை அங்கே சாத்திவிட்டுத் தேத்தண்ணிக் கடைக்குப் போனது அவளுக்கு எப்படித் தெரியும்?

"தலைப்புல குறுக்குக் கட்டை வேற... நல்லாத்தான் செஞ்சிருக்காங்கன்னு நெனச்சேங்க."

"இது டீ ஸ்குவயர்! பேராதனை கெம்பஸ்ல இஞ்சினியருக்குப் படிக்கிறேன். படம் வரையுற சாமான் இது. நனைஞ்சு வளைஞ்சா கோடு எப்படி நேரா வரும்? கொழுந்து கிள்றவளுக்கு இதோட அருமை என்னா தெரியும்!"

நிரையில் நின்ற பெண்கள் கிள்ளுவதை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். வேலாயி அதைத் தலைத்துணியால் துடைத்து நீட்டினாள்.

"இந்தாங்க தொரை. ஒங்கம்மா என்னா வேலை செய்றாங்க?"

அவன் கம்பை வாங்கிக்கொண்டு மலையை விட்டு இறங்கினான். பக்கத்துத் தோட்டத்தில் அவன் அம்மா ராசம்மா அந்நேரம் கூடையோடு மலையில்தான் நின்றாள்.

அன்று வீட்டு மூலையில் அம்மாவின் மட்டக்கம்பு சாய்ந்திருந்தது. கை பட்டுப் பட்டுக் கறுத்துப் பளபளத்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். சே... என்ன பேச்சுப் பேசிவிட்டேன்!

பேராதனையில் முதல் வருடம் எல்லாருக்கும் எல்லாப் பாடமும் பொது. பாலம், இயந்திரம், மின்சாரம்... பட்டறையில் தச்சு வேலையும் உண்டு. கை மரத்தைச் சீவும். மனம் றொசல்லயில் நிற்கும். அந்தத் துளி விழுந்ததோ, இல்லையோ?

தீபாவளி விடுமுறைக்கு வந்து இறங்கியவன் நேரே மலைக்கு ஏறினான். தூறல்.

"கங்காணி பார்த்தா வைவாரு. போங்க," என்றாள் நிமிராமலே.

"வையட்டும். அன்னைக்குப் பேசுனது தப்பு. எங்கம்மா கொழுந்து கிள்ளித்தான் நான் படிக்கிறேன். மன்னிச்சிரு, வேலாயி..."

"எம் பேரு யாரு சொன்னா?"

"அம்மாகிட்ட கேட்டேன்."

"அம்மாகிட்டயேவா!"

அவன் காகிதத்தைப் பிரித்தான். புது மட்டக்கம்பு. "பட்டறையில நானே சீவுனது. ஒனக்கு."

அவள் கை நீட்டவில்லை.

"எங்க லயத்து வீடுகள்ல பொம்பளைக்குக் கம்பு சீவிக் குடுக்கிறது அப்பா. இல்லாட்டி அண்ணன், தம்பி. கல்யாணம் கட்டுனா புருசன். எங்கப்பா செத்து ரெண்டு வருசமாச்சு. கூடப்பொறந்த ஆம்பளையும் இல்ல. நீங்க யாருன்னு நான் வாங்குறது?"

பக்கத்து நிரையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சோலைமலைக்குக் காதெல்லாம் சூடேறியது. இதைச் சொல்லாமல் ரயில் ஏறினால் பிறகு எந்தக் காலத்தில் சொல்வது?

"கடைசியா ஒரு ஆளைச் சொன்னியே..." தொண்டையைச் செருமினான். "அவன்தான். படிப்பு முடிய இன்னும் மூணு வருசம் இருக்கு. காத்திருப்பியா?"

வேலாயி கம்பை வாங்கினாள். செடியின் மேல் படுக்க வைத்தாள். குனிந்து, ஒற்றைக் கண்ணை மூடி, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்தாள்.

"ஓரத்துல கொஞ்சம் கோணலா இருக்குங்க, இஞ்சினியர் ஐயா."

"அப்ப...?"

இன்றும் அவள் இமையில் ஒரு தூறல் துளி நின்றது; அது கன்னத்தில் உருண்டது. துடைக்காமலே சிரித்தாள்.

"மூணு வருசம் தாங்கும்."