பூசணிக்கு அடியில்

2012 ஆகஸ்ட், திங்கட்கிழமை, காலை 8.40

ஏட்டு பூசணிக் கொடியின் அடியில் கடப்பாரையை ஓங்கினார். அந்த வீட்டு மருமகள் சத்யப்பிரியா ஓர் அடி முன்னால் வந்தாள்.

“அங்க வேணாம் சார், வேர் அறுந்துடும். இந்தப் பக்கமா தோண்டுங்க.”

அவர் அந்தப் பக்கமாகத் தோண்டினார். மூன்றாவது குத்தில் ஒரு பால் கவர் மேலே வந்தது. உள்ளே கோவிந்தம்மாவின் நாலு சவரன் சங்கிலி.

சங்கிலி கிடைத்துவிட்டதே என்று கோவிந்தம்மா சந்தோஷப்படவில்லை. மண்ணிலேயே உட்கார்ந்து அழத் தொடங்கினாள். “வாடகைக்கு வந்தவள பொண்ணு மாதிரி வெச்சிகினு இருந்தேன் சார். ரூம் கட்டலாம்னு எம்புள்ள கேட்ட எடத்த, தோட்டம் போட்டுக்கோன்னு அவளுக்குக் குடுத்தேன். எங்கழுத்துலயே கைய வெச்சிட்டாளே.”

சப்-இன்ஸ்பெக்டர் இராமச்சந்திரன் தோட்டத்தைச் சுற்றி நடந்தார். சொந்த ஊர் வாலாஜாபாத். நின்ற இடத்தில் நிற்கத் தெரியாத மனிதர். ஸ்டேஷனில் அவருடைய நாற்காலி மட்டும் இன்னும் புத்தம் புதிதாக இருப்பதாக ஒரு கேலி உண்டு. வெண்டையைப் பார்த்தார், கொத்தவரையைப் பார்த்தார். வலது மூலையில் தரையோடு ஓடிய பரங்கியைத் தாண்டினார். நடுவில், பழைய மாட்டுக் கொட்டகையின் கூரைமேல் சாம்பல் பூத்த காய்களோடு படர்ந்து கிடந்த பூசணியிடம் திரும்பவும் வந்தார்.

நடந்தது இவ்வளவுதான். ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில் கொஞ்சம் உள்ளே தள்ளி கோவிந்தம்மாவின் வீடு. வீட்டுக்குப் பின்னால் கம்பெனி ஆட்களுக்கு விட்ட ஆறு அறைகள், அதற்கும் பின்னால் இந்தத் தோட்டம். நேற்று மாலை குளிக்கப் போன கோவிந்தம்மா சங்கிலியைக் கழற்றிச் சாமி அலமாரியில் வைத்தாள். பிறகு டி.வி.யில் சினிமா. படம் முடிந்துதான் கழுத்தைத் தடவிப் பார்த்தாள். அதற்குள் வீட்டுக்குள் வந்து போனவர்கள் இரண்டு பேர், இருவரும் வாடகைக்கு இருப்பவர்கள், இருவரும் தெற்கே வள்ளியூர்ப் பக்கம். வாங்கிப் போன குண்டானைத் திருப்பித் தர வந்தாள், இந்தத் தோட்டத்தைப் போட்ட பூமாரி. காஸ் சிலிண்டரைத் தூக்கி வந்து வைத்தான் இசக்கிதுரை. வீட்டிலேயே இருந்தவள் சத்யப்பிரியா. அவள் புருஷன் ரகு ஓ.டி. முடிந்து வீடு வரும்போது ஊரே தூங்கிவிட்டது.

பூசணிக்கு அடியில் பார்க்கச் சொன்னவன் இசக்கிதுரை. காலையில் வாசலில் போலீஸ் ஜீப்பைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே சொன்னான்.

“பூசணிக்கு அடியில பாருங்க சார். பூமாரியே ரேடியோவுல சொன்னாள்லா, தெருவே கேட்டுச்சு.” சொல்லிவிட்டுக் கம்பெனி பஸ் வந்துவிட்டதென்று ஓடிவிட்டான். தண்ணீர் டேங்கைச் செடிக்கே காலி பண்ணுகிறாள் என்று பூமாரியோடு அவனுக்குத் தினமும் சண்டை.

ரேடியோ விஷயம் நிஜம். பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஒரு சின்ன சமுதாய வானொலி நடத்துகிறது. ஞாயிறு மதியம் தோட்ட நிகழ்ச்சி. நேற்றைய விருந்தாளி பூமாரி. “உங்க செடிங்க இவ்ளோ செழிப்பா இருக்கே, ரகசியம் இன்னா?” என்று நிகழ்ச்சி நடத்தும் கிளாடிஸ் கேட்டாள். “என் சொத்து பூராவும் பூசணிக்கு அடியிலதான் பொதைச்சி வச்சிருக்கேன்” என்று பூமாரி சிரித்தாள். அது என்ன சொத்து என்பதை அடுத்த ஞாயிறு ரெண்டாம் பாகத்தில் கேளுங்கள் என்று கிளாடிஸ் முடித்துவிட்டாள். 

“நீ கேட்டியாம்மா அந்த ப்ரோக்ராம?” என்று இராமச்சந்திரன் சத்யப்பிரியாவிடம் கேட்டார்.

“எல்லாரும் கேட்டாங்க சார்.”

“தோட்டத்துல நேத்து யாரையாவது பாத்தியா?”

“அது அந்தப் பொண்ணு தோட்டம் சார். நான் அந்தப் பக்கமே போறதில்ல.”

காலை 10.15

கார் சீட் செய்யும் தொழிற்சாலையின் கேட்டிலிருந்து பூமாரியை நேராக ஸ்டேஷனுக்குக் கூட்டி வந்திருந்தார்கள். நீல யூனிஃபார்ம், கழுத்தில் கேட் பாஸ். வயது இருபத்துநாலு. பக்கத்தில் பெண் காவலர் சின்னப்பொண்ணு நின்றாள்.

வழியெல்லாம் பூமாரிக்கு வந்த போன் ஒன்றுதான். கான்ட்ராக்ட் சூப்பர்வைசர். “கேஸ்ல பேர் ஏறிச்சின்னா பாஸ் கேன்சல்மா. அப்புறம் இந்த ஏரியால எந்த கம்பெனியும் உள்ள விடமாட்டான்.” அடுத்த மாதம் அவளுடைய வேலை நிரந்தரமாவதாக இருந்தது. ஒரு கையெழுத்தில் அது போய்விடும்.

“பூசணிக்கு அடியில இன்னா பொதச்ச?”

“பானை சார்.”

“பானையா?”

“மீன் கழிவும் கருப்பட்டியும் போட்டு ஊற வச்ச பானை. அத கரைச்சி ஊத்துனா செடி நல்லா வரும். அதத்தான் சொத்துன்னு வெளையாட்டுக்குச் சொன்னேன்.”

“அங்க பானை எதுவும் இல்ல. சங்கிலிதான் இருந்துது.”

“இருக்கு சார். நான்தானே வச்சேன்.”

“என் கண்ணு முன்னாடிதான் தோண்டுனாங்கம்மா. பொய் சொல்றதுன்னா கொஞ்சம் யோசிச்சிச் சொல்லு.”

அவள் சொன்னதை மாற்றவில்லை. இராமச்சந்திரன் அறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். பொய் சொல்கிறவள் இப்படி ஒரே நிமிஷத்தில் உடைகிற பொய்யைச் சொல்வாளா என்று அவருக்கு உறுத்தியது.

“அந்தத் தோட்டத்துல இன்னா இன்னா போட்டிருக்க?”

“வெண்டை, சீனி அவரை…”

“சீனி அவரையா?”

“நீங்க கொத்தவரங்காம்பீங்க. அப்புறம் பொடலை, பூசணி, தடியங்கா. தடியங்கா மட்டும் சத்யா அக்கா தந்த வெதை. மத்தது ஊருல இருந்து கொண்டாந்தது.”

குறித்துக்கொண்டார். குறித்துக்கொண்டதோடு சரி.

“உனக்கு யாராவது வேண்டாதவங்க?”

“தண்ணிக்குச் சண்டை போடுவான் இசக்கிதுரை. ஆனா இப்படிச் செய்ய மாட்டான் சார். வாய்தான் பெருசு.”

இன்ஸ்பெக்டர் போனில் வந்தார். பொருள் கிடைத்துவிட்டது, ஆளும் கையில் இருக்கிறாள், சாயங்காலத்துக்குள் எஃப்.ஐ.ஆர். போட்டு முடியுங்கள் என்றார். “சரி சார்” என்று சொல்லிவிட்டு இராமச்சந்திரன் வெளியே கிளம்பினார்.

மதியம் 1.20

ஒரகடம் கூட்டுரோட்டுப் பக்கம் கொம்பையா மெஸ். தெற்கத்திப் பையன்களுக்காகவே நடக்கிற கடை. இராமச்சந்திரனின் மனசில் அப்போது இசக்கிதுரைதான் இருந்தான். போலீஸுக்கு இடத்தைக் காட்டியவன் அவன். காட்டிவிட்டு ஓடியவனும் அவன். சிலிண்டர் சாக்கில் உள்ளே போய் எடுத்து, இருட்டில் புதைத்திருந்தால்?

இலையில் மஞ்சளாக ஒரு கூட்டு விழுந்தது.

“இது இன்னாய்யா, பரங்கிக்காயா?”

“பூசணிக்கா கூட்டு சார்,” என்றார் கொம்பையா.

“பூசணி வெள்ளையா இல்ல இருக்கும்?”

“அது தடியங்கா சார். கல்யாணத்துக்குப் போடுவாங்கள்லா, சாம்பல் அடிச்ச மாதிரி இருக்கும். எங்க ஊருல பூசணின்னா இந்த மஞ்சக் காய்தான். இங்க வந்து மார்க்கெட்டுல இதனால எத்தன தடவ அசிங்கப்பட்டிருக்கேன்.”

இராமச்சந்திரன் பாதிச் சாப்பாட்டில் எழுந்தார். கை கழுவினாரா என்பது அவருக்கே நினைவில்லை.

இரண்டு மணிக்கு அவர் கோவிந்தம்மா வீட்டுத் தோட்டத்தின் வலது மூலையில் நின்றார். பரங்கிக் கொடியை ஒதுக்கி ஏட்டு தோண்டினார். ஒரு முழம்கூடப் போகவில்லை, மண்பானை தட்டுப்பட்டது. துணி கட்டிய வாயைத் திறந்ததும் ஏட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு நாலடி பின்னால் போனார்.

“மீன் சார்.”

“தெரியுதுய்யா,” என்றார் இராமச்சந்திரன். காலையிலிருந்து முதல் தடவையாக அவர் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம்.

அங்கிருந்து கல்லூரி வானொலிக்கு விரட்டினார். பானையைப் பற்றி ரெண்டாம் பாகத்தில் பூமாரி என்ன சொல்லியிருக்கிறாள் என்று கேட்க வேண்டியிருந்தது. இரண்டு பாகத்தையும் வியாழக்கிழமையே ஒன்றாகப் பதிவு செய்திருந்தார்கள். கிளாடிஸ் வெட்டாத பதிவை முழுதாகப் போட்டுக் காட்டினாள். பானை அதில் இருந்தது. இன்னொன்றும் இருந்தது. அதைத் தன் போனில் ஏற்றிக்கொண்டு இராமச்சந்திரன் இரண்டு தடவை கேட்டார். இரண்டாவது தடவை அவருக்குச் சங்கடமாகிவிட்டது.

மாலை 5.30

கோவிந்தம்மா வீட்டு நடுஅறை. கோவிந்தம்மா, ரகு, சத்யப்பிரியா ஒரு பக்கம். ஷிஃப்ட் முடிந்து வந்த இசக்கிதுரை கதவோரம். சின்னப்பொண்ணோடு பூமாரி.

“சங்கிலிய எடுத்தது யாருன்னு அப்புறம் பாக்கலாம்,” என்று நடந்துகொண்டே தொடங்கினார் இராமச்சந்திரன். “பொதச்சது யாருன்னு மொதல்ல பாப்போம். ரேடியோல பூசணின்னு கேட்டுட்டு, பழிய இந்தப் பொண்ணு மேல போட நெனச்ச ஆளு அது. இசக்கிதுரை, தோட்டத்துல பூசணி எங்க இருக்கு?”

“மூலையில சார். மஞ்சளா.”

“ரகு, நீ சொல்லு.”

“கொட்டா மேல சார்,” என்றான் ரகு.

“அவ்ளோதான் விஷயம். பூமாரியோ இசக்கிதுரையோ பொதச்சிருந்தா சங்கிலி மூலையில மீன் பானைகிட்ட இருந்திருக்கும். அது கொட்டாய்கிட்ட இருந்துது. பூசணின்னா வெள்ளைக் காய்னு நெனக்கிற ஆளுதான் அங்க கொண்டு போய் வெச்சிருக்கணும். நம்ம பக்கத்து ஆளு. நானும் அப்டிதான் நெனச்சேன், அதனாலதான் காலைல பாதி நாள் வீணாப்போச்சு.”

ரகு நெளிந்தான். “நான் நேத்து பூரா ட்யூட்டி சார்.”

“தெரியும். உங்க கம்பெனில போன கேட்லயே வாங்கி வெச்சிடுவாங்க. நீ ரேடியோ கேக்கல, சங்கிலி காணாம போனப்ப வீட்லயும் இல்ல.” அவர் நின்றார். “காலைல ஏட்டு கடப்பாரைய ஓங்குனப்ப ஒரு குரல் கேட்டுது. வேர் அறுந்துடும், இந்தப் பக்கமா தோண்டுங்கன்னு. தோட்டத்துப் பக்கமே போகாதவங்களுக்கு வேர் எந்தப் பக்கம் ஓடுதுன்னு எப்டித் தெரியும்? எந்தப் பக்கம் தோண்டணும்னு எப்டித் தெரியும்? அந்தக் கொடிக்கு வெத குடுத்தது நீதான்னு பூமாரி சொல்லுது. மாட்டிக்கிட்டாலும் பரவால்ல, கொடி சாகக்கூடாதுன்னு உனக்கு வாய் தன்னால வந்துடுச்சு சத்யப்பிரியா.”

கோவிந்தம்மா மருமகளைப் பார்த்தாள்.

“நீயாடி?”

சத்யப்பிரியா மறுக்கவில்லை.

“மூணு வருஷமா இந்த வூட்ல சமையல் கட்டுலயே இருக்கேன் சார். அவ கொண்டாந்த வெதையக்கூட நான்தான் கிச்சன் ஜன்னல்ல கப்புல நாத்து விட்டு ஒவ்வொண்ணா அவளுக்குக் குடுத்தேன். மண்ணு எப்டி கலக்கணும், எப்ப கிள்ளணும், எல்லாம் நான் சொன்னது. அவள ரேடியோக்கு கூப்ட்டாங்க. உங்க பேரச் சொல்லுதேன்க்கான்னு சொல்லிட்டுப் போனா. நான் வேலைய எல்லாம் போட்டுட்டு ரேடியோ முன்னாடி ஒக்காந்துகினு இருந்தேன். எம்பேரு வரவே இல்ல. நான் குடுத்த பூசணிக்கு அடியில அவ சொத்து இருக்காம். அத்தை வேற, பாரு, வாடகைக்கு வந்தவ பேரு வாங்கிட்டா, நீ இன்னா பண்ணேன்னு கேட்டாங்க.”

“அதுக்கு ஒரு பொண்ண ஜெயிலுக்கு அனுப்பிடுவியா?”

“அதுகூட பொறுத்துக்குனு இருந்திருப்பேன் சார்.” அவள் பூமாரியைக் கைகாட்டினாள். “சாயங்காலம் குண்டான குடுக்க வந்து, சிரிச்சிகினே கேட்டா. ‘உங்க பேரு வந்துச்சாக்கா’ன்னு. வரலன்னு தெரிஞ்சிகினே கேக்கறா. அப்பதான் சங்கிலிய எடுத்தேன். யாராவது அந்தப் பூசணிப் பேச்ச எடுப்பாங்கன்னு தெரியும்.”

இராமச்சந்திரன் போனை மேஜைமேல் வைத்து அழுத்தினார். கரகரப்போடு பூமாரியின் குரல் வந்தது.

“தடியங்கா வெதை தந்தது எங்க வீட்டம்மா மருமவ சத்யா அக்கா. எனக்குச் சொல்லித்தந்ததும் அவங்கதான். நியாயமா நீங்க அவங்களத்தான் கூப்ட்டிருக்கணும் மேடம்.”

அவர் போனை நிறுத்தினார். “தடியங்கான்னா இங்க யாருக்கும் புரியாதுன்னு கிளாடிஸ் மேடம் அந்த இடத்த அப்டியே வெட்டிட்டாங்க.”

சத்யப்பிரியா பூமாரி பக்கம் திரும்பினாள். “அப்புறம் ஏன் அப்டி சிரிச்சிகினு கேட்ட?”

“நான் நேத்து ஓ.டி.ல நின்னேன்க்கா. போன கேட்ல குடுத்துட்டேன். ரேடியோவே கேக்கல.” பூமாரி நிதானமாகச் சொன்னாள். “உங்க பேரு வந்துச்சான்னு தெரியாமத்தான் கேட்டேன். வந்திருக்கும், சந்தோஷமா இருப்பீங்கன்னு சிரிச்சேன்.”

சத்யப்பிரியா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். கோவிந்தம்மா பூமாரியின் கையைப் பிடிக்க வந்தாள். பூமாரி கையைப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

புகாரைக் கோவிந்தம்மா திரும்ப வாங்கிக்கொண்டாள். சூப்பர்வைசருக்கு இராமச்சந்திரனே போன் போட்டு, இந்தப் பெண்மேல் எதுவும் இல்லை, நாளைக் காலை ஷிஃப்டுக்கு வருவாள் என்று சொன்னார். பிறகு பூமாரியிடம் கேட்டார்.

“இவங்க மேல நீ கம்ப்ளெய்ன்ட் குடுக்கலாம். குடுக்கறியா?”

“வேண்டாம் சார். நான் வேற ரூம் பாத்துக்கிடுதேன்.”

“கிளாடிஸ் மேடம் ரொம்ப வருத்தப்பட்டாங்க. அடுத்த ஞாயிறு ரெண்டாம் பாகத்துல அந்த வரியத் திரும்பச் சேத்துடறேன்னாங்க.”

பூமாரி தரையில் இருந்த சத்யப்பிரியாவைப் பார்த்தாள்.

“சேக்க வேண்டாம்னு சொல்லிருங்க சார்,” என்றாள். பிறகு துணிமணிகளை எடுத்து வைக்கத் தன் அறைக்குப் போனாள்.