நங்கூரமும் பிரேக்கும்

மழைக்கு ஒதுங்க ஓடி வந்தவன் அவள் மேலேயே மோதினான்.

பிரிக்ஃபீல்ட்ஸ் மாலை நேர இலக்கிய வகுப்பின் படிக்கட்டில் ஷாமினியின் ஃபைல் சிதறியது. அவன் ஒரு தாளை எடுத்துப் பார்த்தான். கோடு போட்ட இரண்டு வரிசைக் கட்டங்கள்... ஒன்றில் உருவகம், எதிரில் அர்த்தம்.

"என்னா லா இது, பாசார்ல காய்கறி வாங்குற லிஸ்ட்டா?"

இமையில் மழைத்துளி, கண்ணில் குறும்பு... வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

வகுப்பில் பார்த்தால் அவனேதான்! சிவநேசன்... கொமுட்டர் ரயில் பழுது பார்ப்பவனாம். அன்றைய பாடம் அமெரிக்காவின் ஆரம்பகாலக் கவிதை. கடல் தாண்டிக் குடியேறிய ஒரு மனைவி, கணவனை நங்கூரம் என்கிறாள்.

"உருவகம்லாம் சும்மா அலங்காரம் டீச்சர். எடுத்துட்டாலும் அர்த்தம் அப்படியேதான் இருக்கும்," என்றான் சிவநேசன்.

ஷாமினி வகுப்பில் வாயே திறக்காதவள். எழுதியதை மூன்று முறை சரிபார்த்தும் சந்தேகப்படுபவள். அன்று எழுந்துவிட்டாள்.

"எடுத்துப் பாருங்க! 'நீ இல்லாட்டி பயமா இருக்கு'ன்னுதான் மிஞ்சும். நான் கிள்ளான்ல கப்பல் ஆபீஸ்ல வேல செய்யிறேன். நங்கூரம் போட்ட கப்பல் அலையில ஆடும்... ஆனா அடிச்சிட்டுப் போகாது. அவ சொல்றது பயத்த இல்ல, தைரியத்த!"

வகுப்பே கைதட்டியது. அவன் மட்டும் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தான்.

'நீ சொன்னது சரின்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். அதுவரை பேச மாட்டேன்...' என்று ஷாமினி பிடிவாதமாக இருந்தாள். மூன்று வாரம், வீட்டுக்குப் போகும் ஒரே ரயிலில், எதிரெதிர் சன்னல். இன்று கடைசி வகுப்பும் முடிந்துவிட்டது. கிள்ளானில் இறங்கினால் அவ்வளவுதான்...

ஷா ஆலம் ஸ்டேஷன் தாண்டியதும் சிவநேசன் எழுந்து அவள் எதிரே வந்து நின்றான்.

"ஷாமினி... அலங்காரம் இல்லாம சொல்லிடலாம்னு மூனு வாரமா பாக்கிறேன். எனக்கு... உங்கள..." நெற்றியைத் துடைத்துக்கொண்டான். "முடியல லா. பிரேக் இல்லாத பெட்டியாட்டம் ஓடிட்டிருந்தேன். அன்னைக்கு நீங்க எழுந்து பேசினீங்க... நின்னுட்டேன்."

"அப்ப நான் பிரேக்கா?"

"நங்கூரம் உங்களோடது. கேக்காம எடுக்கலாமா?"

சிரிப்பை உதட்டுக்குள் அடக்கினாள். "அலங்காரம்னு சொன்னீங்களே, அது?"

"தப்பு. நீங்க சொன்னதுதான் சரி."

அவள் தலை தானாக நிமிர்ந்தது. ஃபைலைத் திறந்து, உருவக வரிசையின் கடைசிக் கட்டத்தில் 'பிரேக்' என்று எழுதி, பேனாவை நீட்டினாள்.

"அர்த்தத்த நீங்களே எழுதுங்க."

'ஷாமினி' என்று எழுதினான்.

எப்போதும் மூன்று முறை சரிபார்ப்பவள், ஒரே ஒரு முறை படித்தாள். பக்கத்தில் பெரிதாக ஒரு சரி போட்டாள்.

"எனக்கும்தான்... உங்கள..." என்றாள்.