தூவாவின் தோளருகே வெள்ளைக் கோடுகள்

ஓட்னி படத்தைப் பக்கவாட்டில் திருப்பி அச்சடித்துப் பார்த்தாள். கோடுகளும் கூடவே திரும்பிக்கொண்டன.

அதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை. மைத்துளை அடைத்துக்கொண்டால் அச்சில் வெள்ளைக் கோடு விழும், அது தெரிந்த சங்கதி. ஆனால் அந்தக் கோடு தாளின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஓடும். படத்தில் யார் எங்கே நிற்கிறார்கள் என்ற கவலை அதற்குக் கிடையாது. இந்தக் கோடுகளோ ஒரே இடத்தைப் பிடித்துக்கொண்டு நகரமாட்டேன் என்றன. கோடையில் படகுத்துறையில் காமிராவை முக்காலியில் நிறுத்தி, அவளும் ஐந்து வயது மகள் தூவாவும் எடுத்துக்கொண்ட படம் அது. தூவாவின் தோளுக்கு அந்தப் பக்கம் வெறும் பலகைகளும் கடலும்தான். அந்த இடத்தில் மட்டும் மேலிருந்து கீழாக, நெருக்க நெருக்கமாக வெள்ளைக் கோடுகள்.

தப்பு அஸ்பியோர்னுடையது. ஓட்னி வேலைபார்க்கும் அச்சுக்கடை அவனுடையது, சோம்பலும் அவனுடையதே. வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில், தீப்பிடித்துவிடும் என்ற பயத்தில், பிரிண்டரை முறையாக அணைக்காமல் சுவரிலிருந்தே பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போயிருந்தான். அச்சுத்தலை தன் மூடிக்குத் திரும்பாமல் பாதி வழியில் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டது. ஹீட்டர் ஓடும் வறண்ட அறையில் மை காயாமல் என்ன செய்யும்? சோதனைத் தாளில் கறுப்புக் கட்டம் பொக்கை வாயாக இருந்தது.

"ரெண்டு கோடு விழுந்தா என்ன இப்போ? சின்னப் பிள்ளைங்க பாக்கப்போற படந்தானே," என்றான் அஸ்பியோர்ன்.

"உனக்கு எதுதான் பெரிசு?" என்றாள் ஓட்னி.

அவளுக்கு அது சின்ன விஷயமில்லை. மழலைப்பள்ளிச் சுவரில் ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கு மேலும் அதனதன் குடும்பப் படம் ஒட்டியிருக்கும். புதிதாக வரும் ஆசிரியைகளும் அதைப் பார்த்துத்தான் யாரை யாரோடு அனுப்புவது என்று தெரிந்துகொள்வார்கள். நான்கு பேர், ஆறு பேர், நாயோடு ஏழு பேர் என்று மற்றப் படங்கள் பிதுங்கிக்கொண்டிருக்க, தூவாவின் இடம் மட்டும் காலியாக இருந்தது. அப்பன்காரன் அவள் பிறக்குமுன்பே கழன்றுகொண்டவன். ஓட்னிக்கு இந்த உலகத்தில் தூவாவை விட்டால் யாரும் இல்லை. இரண்டே பேர் என்றாலும் முழுசாக, பளிச்சென்று அந்தச் சுவரில் இருக்க வேண்டும் என்று அவளுக்குப் பிடிவாதம்.

நவம்பரில் போன சூரியன் ஜனவரி வரை நார்வேயின் வடகோடியிலிருக்கும் ஹமர்ஃபெஸ்ட் பக்கம் தலைகாட்டாது. மதியச் சாப்பாட்டு நேரத்திலேயே ஜன்னலுக்கு வெளியே இருட்டுக் கட்டியிருந்தது. ஓட்னி பிரிண்டரைத் தானே சுத்தம் செய்துகொள்ளவிட்டாள். உள்ளே பம்பு மையை இழுக்கும் சத்தம் எழுந்தது. தினமும் கேட்கும் சத்தந்தான். ஆனால் இன்றைக்கு அது யாரோ வெகுநாள் தாகத்தோடு, நடுவில் மூச்சு வாங்கி மூச்சு வாங்கி, கிண்ணத்தின் அடிவரை உறிஞ்சுவதுபோல் நீண்டுகொண்டே போயிற்று. இரண்டாவது முறையும் விட்டுப் பார்த்தாள். அதற்குமேல் விட்டால் மைதான் வீண், அடைப்பு இன்னும் இறுகும். பிளக்கைக் கழற்றிவிட்டுக் கையால் இறங்கினாள்.

மூடியின் ஓரத்தைப் பஞ்சுக் குச்சியால் துடைத்தபோது ஒரு நூல் சிக்கியது. சாம்பல் நிறக் கம்பளி நூல். இழுத்தாள், வந்தது, இன்னும் இழுத்தாள், இன்னும் வந்தது. ஈரமாக, பலநாள் தண்ணீரில் கிடந்த துணியின் வீச்சத்தோடு. பிரிண்டருக்குள் இவ்வளவு நூல் எப்படிப் போகும் என்று யோசித்தவள், அஸ்பியோர்னின் ஸ்வெட்டரை மனதுக்குள் திட்டிவிட்டு அதைக் குப்பையில் போட்டாள். காய்ச்சி வடித்த தண்ணீரை வெதுவெதுப்பாக்கி, பிசிறில்லாத துணியை அதில் நனைத்து மடித்து, அச்சுத்தலையை மெல்ல நகர்த்தி அதன்மேல் உட்காரவைத்தாள். ஊறட்டும்.

ஊறுவதற்குள் அறை குளிர்ந்துவிட்டது. ஹீட்டரைத் தொட்டால் சுட்டது, ஆனாலும் மூச்சு புகையாக வந்தது. அவளுக்குப் பயமாக இருந்தது. எதற்கென்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது. துணியை உருவியபோது அதில் கறுப்பு மை திட்டாக இறங்கியிருந்தது. திட்டுக்குப் பக்கத்தில் அகலமாக இன்னொன்று. ஐந்து விரல்கள்போல. அவள் துணியைச் சுருட்டினாள்.

சோதனைத் தாள் இந்த முறை அப்பழுக்கில்லாமல் வந்தது. ஒரு கோடும் விடுபடவில்லை. ஓட்னிக்கு உடம்பெல்லாம் லேசானது. படத்தை அச்சுக்குக் கொடுத்துவிட்டு, மை படிந்த கையைக் கழுவப் பின்பக்கம் போனாள். அஸ்பியோர்னுக்கு மழலைப்பள்ளிப் பக்கம் ஒரு பேனர் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டிய வேலை இருந்தது. படத்தையும் தானே கொடுத்துவிடுவதாகக் குரல் கொடுத்தான்.

"பிரமாதமா வந்திருக்கு ஓட்னி," என்று வாசலிலிருந்து சொன்னான். "மூணு பேரும் அவ்வளவு தெளிவு."

கதவு சாத்தும் சத்தம். வேன் கிளம்பும் சத்தம்.

இவனுக்கு மூன்றுவரை எண்ணக்கூடத் தெரியாது என்று சிரித்துக்கொண்டாள். ஆனாலும் அந்தச் சொல் காதை விட்டுப் போகவில்லை. கைவேலைகளையெல்லாம் முடித்த பிறகு, வீட்டுக்கும் ஒன்று இருக்கட்டும் என்று தனக்குத் தானே காரணம் சொல்லிக்கொண்டு இன்னொரு பிரதிக்குப் பொத்தானை அழுத்தினாள்.

அச்சுத்தலை போய் வந்தது, போய் வந்தது. தாள் கொஞ்சங் கொஞ்சமாக இறங்கியது. முதலில் வானம். பிறகு வானத்தில், தூவாவின் தலைக்கு மிக மேலே, ஒரு சாம்பல் கம்பளித் தொப்பி. தொப்பிக்குக் கீழே ஈரத்தில் ஒட்டிய முடி. ஓட்னி கணினித் திரையைப் பார்த்தாள். அங்கே பலகை, கடல், வேறொன்றுமில்லை. தாளைப் பார்த்தாள். கழுத்து வந்திருந்தது. நீளமான கழுத்து. முகம் காமிராவைப் பார்க்கவில்லை. கீழே தூவாவைப் பார்த்துக் குனிந்திருந்தது. பிறகு தோள். பிறகு கை. கை தூவாவின் தோள்மேல் இருந்தது. விரல்கள் அழுந்திய இடத்தில் சட்டை சுருங்கியிருந்தது.

பிளக்கைப் பிடுங்கினாள். அச்சுத்தலை நிற்கவில்லை. இன்னும் ஒரு முறை போய் வந்தது.

போனை எடுத்தாள். மழலைப்பள்ளிக்கு அடித்தாள். எடுத்தது அவளுக்குத் தெரியாத குரல், இன்றைக்குத்தான் வேலைக்கு வந்த சில்யே என்ற பெண்.

"தூவாவா? இப்பத்தான் கிளம்பினாளே."

"யார் கூட?"

"உங்க வீட்டுக்காரர் கூடத்தான். நான் புதுசுங்கிறதால சுவத்துல இருக்கிற படத்தை ஒரு தடவை பாத்துட்டுதான் அனுப்பினேன். தூவா கையைப் பிடிச்சுக்கிட்டு நல்லாத்தான் போனா." கொஞ்சம் தயங்கினாள். "அவருக்கு உடம்பு சரியில்லையா? நின்ன இடமெல்லாம் ஒரே தண்ணி."

ஓட்னி கோட்டுகூடப் போடாமல் ஓடினாள்.

பனி கொட்டிக்கொண்டிருந்தது. மழலைப்பள்ளியிலிருந்து துறைமுகத்துக்கு இறங்கும் சாலையில் விளக்குக் கம்பங்கள் தள்ளித் தள்ளி நின்றன. கீழே, முதல் விளக்கின் அடியில், மஞ்சள் நிற மேற்சட்டை மின்னியது. தூவா. ஒரு கையை உயரத் தூக்கியபடி நடந்தாள், பெரியவர் கையைப் பிடித்த பிள்ளைகள் நடப்பதுபோல். பக்கத்தில் நெடிதாக ஒன்று மங்கலாக, விட்டு விட்டுத் தெரிந்தது, அதன் நடுவே பனி விழுவது தெரியும்படி.

"தூவா!"

இரண்டும் அடுத்த விளக்குக்குப் போயின. நெடியது கொஞ்சம் கறுத்திருந்தது. தூவாவின் முதுகில் ஒரு வெள்ளைக் கோடு.

கத்தினாள். தூவா திரும்பவில்லை. ஓடினாள். கால் புதைந்தது.

மூன்றாவது விளக்கு. கோடுகள். தூவாவின் முதுகில், தூக்கிய கையில், தலையில். நெருக்க நெருக்கமாக. அவற்றின் வழியே பனி விழுந்தது. பக்கத்தில் நடந்தது இப்போது முழுசு. கம்பளித் தொப்பியின் ஒவ்வொரு இழையும் தெரிந்தது. அப்பழுக்கில்லை.

அது நின்றது. தூவாவும் நின்றாள். திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா," என்று கோடுகள் விட்டுவைத்த பாதி வாய் அசைந்தது.