மூக்கில் இரண்டு சொட்டு

துக்கம் விசாரிக்கப் போனால் சொல்லாமல்தான் எழுந்து வர வேண்டும். தங்கையனோ வாசலில் நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி, "அப்ப போயிட்டு வரேங்க" என்று சிரித்தார். பிணத்தைத் தவிர அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆனந்தவள்ளி கணவரைக் கையைப் பிடித்து எதிரே இருந்த தங்கள் வீட்டுக்கு இழுத்து வந்தாள். மருந்துதான் காரணம்.

அரியமங்கலம் பட்டறையில் தம்பி இயந்திரத்தில் சிக்கிச் செத்ததைப் பார்த்ததிலிருந்து தங்கையனுக்குத் தூக்கமில்லை, ஞாபகமும் தங்கவில்லை. ஆராய்ச்சிக்கு ஆள் தேடிய டாக்டர் லிசி மூக்கில் விடச் சொட்டு மருந்து கொடுத்தார். "நியூரோபெப்டைடுங்க. மூளையே சுரக்குற சின்னப் புரதத் துண்டு. பயத்தைக் குறைக்கும், ஞாபகத்தைக் கூட்டும்னு நினைக்கிறோம். எலிங்கல்லாம் சந்தோஷமா இருக்கு."

எலிகளை யாரும் கேட்டுப் பார்க்கவில்லை.

தங்கையன் தேறினார். தொலைந்த சாவி, கல்யாணத்தன்று பெய்த மழை, தொட்டிலில் கேட்ட பாட்டு என்று ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. பின்னால் போக இடமில்லாமல் அது முன்பக்கம் திரும்பியது. "நாளைக்குப் பால் திரிஞ்சுபோச்சே" என்பார். திரியும். போன வாரம் எதிர்வீட்டுச் செந்தமிழனை, "பாவம், நல்ல மனுசன்" என்றார். செந்தமிழன் அப்போது வாசலில் ஸ்கூட்டர் துடைத்துக்கொண்டிருந்தார்.

தலை முழுகிவிட்டு ஆனந்தவள்ளி கூடத்தில் படுத்தாள். சாம்பிராணியும் வாடிய ரோஜாவும் கலந்த வாடை ஜன்னல் வழியே வந்து ஈரக் கூந்தலில் படிந்தது; பறைச் சத்தம் தெருமுனை தாண்டித் தேய்ந்து அடங்கிய பிறகு, உள்ளறையில் பழைய வேட்டி ஒன்று நிதானமாக, நூல் நூலாகக் கிழியும் சத்தம் மட்டும் மிஞ்சியது.

"என்னங்க பண்றீங்க?"

"உன்னைத்தான் நினைச்சுக்கிட்டிருக்கேன் வள்ளி. எவ்வளவு அமைதியா போனே தெரியுமா? அன்னைக்கும் தலை ஈரமாத்தான் இருந்துச்சு."

"நான் இங்கதானே இருக்கேன்!"

"ஆமா," என்றபடி வெளியே வந்தார். "இப்ப இருக்கே."

ஓட வேண்டும். கதவு. தாழ்ப்பாள். கால் மடங்கவில்லை. அவர் கை பிடரியைத் தாங்கியது. மூக்கில் சில்லென்று ஒரு சொட்டு. இன்னொன்று. துருவின் வாடை.

நெஞ்சுக்குள் அடித்துக்கொண்டிருந்தது நின்றது. பயத்தைத் தேடிப் பார்த்தாள். இல்லை.

தங்கையன் அவள் காலடியில் உட்கார்ந்து, கிழித்த துணியை ஒரு கால் பெருவிரலில் சுற்றினார். மற்றக் கால் விரல் எட்டவில்லை.

"கொஞ்சம் சேர்த்து வையேன்மா."

ஆனந்தவள்ளி சேர்த்து வைத்தாள்.