கூப்பிடுகிற வரைக்கும்

கொண்டி விழுந்தது. சத்தம் வரவில்லை.

கிடங்குக் கதவைச் சாத்திவிட்டு இரண்டடி வந்த பிறகுதான் அவனுக்கு அது உறைத்தது. அந்தக் கதவின் இரும்புக் கொண்டி, கடை கட்டியாயிற்று என்று தெருக்கோடிக்கும் சொல்லுகிற மாதிரி விழும். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வீடு திரும்பியதிலிருந்து அந்தச் சத்தத்துக்குத் தினமும் பல்லைக் கடித்துக்கொள்வது அவன் வழக்கம். இன்றும் கடித்தான். ஒன்றும் வரவில்லை. திறந்து மறுபடி போட்டுப் பார்த்தான். இரும்பு போய் இரும்பில் உட்கார்ந்தது, பஞ்சில் விழுந்த மாதிரி.

அப்பா எண்ணெய் போட்டிருப்பார் என்று நினைத்தான். உடனே சிரிப்பு வந்தது. அப்பாவாவது, எண்ணெயை வீணாக்குவதாவது.

அப்பா பருப்பு மொத்த வியாபாரி. சந்தையில் அவருக்குக் ‘கறார்’ என்று பெயர். வைத்தவர்கள் வயிற்றெரிச்சலில் வைத்தார்கள், அவர் பட்டமாக வாங்கிக்கொண்டார். முன்னால் கடை, நடுவில் வீடு, பின்னால் கிடங்கு. வெளியூர்த் துணிக்கடைக்காரர் ஒருவர் தன் அக்கா மகளை அவனுக்குக் கொடுப்பது பற்றிப் பேச இன்று பொழுது சாய வருகிறார். அதற்காகத்தான் கடையைச் சீக்கிரமே கட்டியிருந்தார்கள்.

"டேய் பட்டாளம், சட்டையை மாத்து," என்றார் அப்பா, தராசுத் தட்டைத் துடைத்தபடி. "அவர் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு. கூடுதலா ஒண்ணு சொன்னா கூடுதலா ஒண்ணு கேப்பாங்க."

"அவளைப் பத்திக் கேட்டா?"

துடைக்கிற கை நிற்கவில்லை. "எவளைப் பத்தி?"

அவர் தட்டைக் கல்தரையில் வைத்தார். பித்தளைத் தட்டு. அதுவும் சத்தம் போடவில்லை. அப்பா ஒரு கணம் அதையே பார்த்துவிட்டு, துடைத்த தட்டை மறுபடி எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

அவன் பட்டாளத்தில் சேரப் போனபோது, கல்யாணமாகாதவர்களை மட்டுமே எடுத்தார்கள். அவனுக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. "இல்லேன்னு சொல்லு. உள்ள போனப்புறம் கட்டிக்கிட்டேன்னு சொல்லிக்கலாம். இதுல யாருக்கு நஷ்டம்?" என்றார் அப்பா. பொய்யை அந்த வீட்டில் யாரும் பொய் என்பதில்லை, ஆரம்ப விலை என்பார்கள். அவன் இல்லை என்று சொன்னான். எடுத்துக்கொண்டார்கள்.

சொன்னதெல்லாம் சரிதானா என்று வீட்டுக்கே வந்து பார்க்க விசாரணைக்காரர் ஒருவர் வருவார் என்று தெரியும். அன்றைக்கு அவளை அவள் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிடுவதாக ஏற்பாடு. மனிதர் முதல்நாளே வந்துவிட்டார். வாசலில் வண்டி நிற்கிற சத்தம் கேட்டதும், அவன் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிடங்குக்கு ஓடினான். பூச்சியும் காற்றும் புகாமல் பருப்புக் கொட்டிவைக்கிற மரப்பெட்டி அங்கே மார்பளவு உயரத்தில், புதுச் சரக்கு வருவதற்காகக் காலியாக இருந்தது. அவள் சேலை நுனியை இடுப்பில் செருகிக்கொண்டு, ஏதோ விளையாட்டுப் போலத்தான் ஏறி உள்ளே இறங்கினாள்.

"நான் கூப்பிடற வரைக்கும் சத்தம் போடக்கூடாது."

"கூப்பிட மறந்துட்டீங்கன்னா?"

"மறப்பேனா?"

அவள் ஒரு விரலை உதட்டில் வைத்துச் சிரித்தாள். அவன் மூடியை இறக்கினான். பெட்டியின் கொண்டி தானாகவே விழுந்தது. டக்.

விசாரணைக்காரர் கேட்க வேண்டியதைக் கேட்டார், வீட்டைச் சுற்றிப் பார்த்தார், திருப்தியாகி எழுந்தார். அதோடு முடிந்திருக்கும். போகிறபோக்கில், "பருப்பு என்ன விலை போகுது?" என்று கேட்டுவிட்டார். விலை கேட்ட ஆளை வாங்காமல் அனுப்புவது கறாருக்குக் கௌரவக் குறைச்சல். சொன்ன விலையிலிருந்து இறங்குவது அதைவிடக் கேவலம். சும்மாவே ஒரு மூட்டையைத் தூக்கிக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். அது அப்பாவுக்கும் தோன்றவில்லை, பக்கத்தில் நின்ற அவனுக்கும் தோன்றவில்லை. வந்தவரும் சளைத்தவரில்லை. எழுந்தார், உட்கார்ந்தார், வாசல்வரை போய்த் திரும்பி வந்தார், மூட்டைக்குள் கையை விட்டுக் கல் பொறுக்கிக் காட்டினார். அதற்கு நடுவில் கிடங்குப் பக்கமிருந்து ஒரு சுரண்டல் கேட்டது. மரத்தில் நகம் போகிற மாதிரி.

"என்னங்க அது?"

அப்பா தொண்டையைச் செருமினார். "எலிங்க."

வந்தவர் திரும்பி அவனைப் பார்த்தார். அவன் சிரித்தான். "பெரிய பெரிய எலிங்க சார். பூனையே பயப்படும்," என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். சுரண்டல் நின்றது.

வெகுநேரம் கழித்துப் பேரம் படிந்து, மூட்டை வண்டியில் ஏறி, வண்டி தெருமுனை திரும்பிய பிறகு அவன் கிடங்குக்கு ஓடினான். மூடியைத் திறந்து பார்த்தபின் கூப்பிட வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

இல்லாத மனைவிக்குச் சாவு மட்டும் எப்படி இருக்கும்? கிடங்குக்குப் பின்னால் மண் இருந்தது, மண்வெட்டி இருந்தது. ஊருக்கு அவள் யாரோடோ ஓடிப்போய்விட்டாள். அவளை வளர்த்த சித்தி வந்து, தலை நிமிராமல், "எங்களை மன்னிச்சிடுங்க தம்பி," என்று அழுதாள். "பரவாயில்லை அத்தை," என்று அவன் மன்னித்து அனுப்பினான். அப்பா சந்தையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு கதை சொன்னதில், அந்த வாரத்துச் சரக்கு கொஞ்சம் மலிவாகக்கூடக் கிடைத்தது.

பெட்டியை மட்டும் அவர் விற்கவில்லை. "நல்ல மரம்டா," என்றார்.

துணிக்கடைக்காரர் வந்து உட்கார்ந்தபோது விளக்குப் போடுகிற நேரம். சணல் சாக்கின் நெடியும் பருப்புத் தூசியும் எப்போதும் போலத் தொண்டையில் கரகரத்தன. ஆனால் அவர் செருப்பைக் கழற்றிப் போட்ட சத்தம் இல்லை. நாற்காலி இழுபட்ட சத்தம் இல்லை. தலைக்கு மேல் கடகடவென்று உயிரை வாங்குகிற மின்விசிறி, சுற்றியது, காற்றும் வந்தது, வாயை மட்டும் யாரோ பொத்திவிட்டது போலிருந்தது. தெரு, வண்டிகள், பக்கத்துக் கடைக்காரரின் ரேடியோ, எல்லாம் ஒவ்வொன்றாகக் கிடங்குப் பக்கம் நடந்துபோய் உள்ளே நுழைந்துகொண்டது மாதிரி. மனிதக் குரல்கள் மட்டும் மிச்சமிருந்தன.

"வெளியில பாத்தா பெட்டிக்கடை. உள்ள வந்தா ரயில் மாதிரி போயிட்டே இருக்கே," என்றார் துணிக்கடைக்காரர்.

"வெளியில காட்டினா வாடகையை ஏத்திடுவான்," என்றார் அப்பா.

"தம்பியை மாப்பிள்ளைன்னே கூப்பிடறேன். படியலேன்னா வாபஸ் வாங்கிக்கலாம், என்ன?" அவர் தன் ஹாஸ்யத்துக்குத் தானே சிரித்தார். "எங்க பொண்ணைப் பத்தி ஒண்ணு சொல்றேன். அதிர்ந்து பேசமாட்டா. உட்காருன்னு சொன்ன இடத்துல உட்கார்ந்திருப்பா."

அவன் கிடங்குப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க மாப்பிள்ளை. பட்டாளத்துல இருந்தவர், நாலு ஊர் பாத்தவர். இது முதல் கல்யாணம்தானே?"

இதே கூடம். இதே நாற்காலி. பட்டாளத்தில் மற்றவர்களுக்கு வீட்டிலிருந்து கடிதம் வருகிற நாட்களில், "உனக்கென்னப்பா, ஒண்டிக்கட்டை, ராஜா," என்று தோளில் தட்டுவார்கள். அப்போதும் அவன் சிரிப்பான். அந்த எலிச் சிரிப்புதான். வேறு சிரிப்பே அவனுக்கு வாய்க்கவில்லை. அவள் பெயர் இப்போது நாக்கின் நுனிவரை வந்து நின்றது. சொல்லிவிட்டால் போதும். இருந்தாள் மாமா, ஓடிப்போகவில்லை, இங்கேதான் இருக்கிறாள் என்று ஒருமுறை அவள் பெயரைச் சொல்லிவிட்டால், அவளைக் கூப்பிட்டதாகிவிடும். அவள் வெளியே வரலாம். முகம் தெரியாத இந்தப் பெண்ணும் தப்பிப்பாள்.

அப்பாவைப் பார்த்தான். அப்பா தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஆமா மாமா," என்றான்.

வந்தவர் முகம் மலர்ந்தது. "அவ்வளவுதான். மனசு நிறைஞ்சு போச்சு."

"உட்காருங்க, போகலாம்," என்றார் அப்பா. வியாபாரம் நாக்கில் ஊறிவிட்டது. "புதுச் சரக்கு வந்திருக்கு. பாத்துட்டுப் போங்க. டேய், பெட்டியிலேர்ந்து ஒரு கைப்பிடி எடுத்துட்டு வா."

மூட்டையிலிருந்து எடுக்கிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தான். வாய் திறந்தது. குரல் வரவில்லை.

செருமிப் பார்த்தான். இல்லை. தொண்டை அசைந்தது, மூச்சு போனது, அவ்வளவுதான். அப்பா இன்னும் கிடங்குப் பக்கம் கையைக் காட்டிக்கொண்டிருந்தார். வந்த விருந்தாளி எதிரே அசடு மாதிரி நிற்க வெட்கமாக இருந்தது. வாழ்க்கையில் எல்லாவற்றையும் அந்த வெட்கத்தில்தான் செய்திருந்தான். நடந்தான்.

கிடங்குக் கதவு திறந்திருந்தது. அவன் சாத்திய கதவு.

உள்ளே விளக்கு எரியவில்லை. மேலே ஒற்றை ஜன்னலிலிருந்து சாம்பல் வெளிச்சம். அடுக்கிய மூட்டைகள். அவற்றின் நடுவே பெட்டி. மூடி தூக்கியிருந்தது. காலையில் அவனே கொட்டிய பருப்பு, பெட்டியைச் சுற்றித் தரையெங்கும் கிடந்தது. அதன் மேல் கால் வைத்தான். நறநறக்கவில்லை.

எட்டிப் பார்த்தான்.

பெட்டி காலி. ஒரு ஓரம் மட்டும் இருட்டாக இருந்தது. எதிர் ஓரத்தில் ஒரு பருப்புகூட இல்லாமல், ஆள் உட்காருகிற அளவுக்கு இடம். விருந்தாளிக்குத் துடைத்து வைத்த மாதிரி.

ஓட நினைத்தான்.

மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. சின்னக் கை. விரல் நுனிகளில் நகம் இல்லை. அன்றைக்கு வாசலில் வண்டி நின்றபோது அவன் அவளை இழுத்தானே, அதே அவசரம். அதே பிடி.

இருட்டு. மரம். முழங்கால் மார்பில் முட்டியது.

மேலே கொண்டி விழுந்தது.

டக்.

மனிதக் குரல் தவிர, இந்த மாலையில் அவன் கேட்ட முதல் சத்தம். அதன் பின்னாலேயே எல்லாம் திரும்பி வந்தன. விசிறியின் கடகட. தெரு. ரேடியோ. நாற்காலி.

"மாப்பிள்ளை எங்க, ஆளைக் காணோம்?" துணிக்கடைக்காரரின் குரல்.

"வருவான். நீங்க விலை கேட்டீங்களே, சொல்றேன்."

"நான் எங்க கேட்டேன்? சரி, கேட்டாச்சு. என்ன விலை?"

பேரம் ஆரம்பித்தது.

அவன் கத்தினான். குரல் இல்லை. மூடியை முட்டினான். நல்ல மரம். அசையவில்லை. விரல்கள் இருந்தன. நகங்கள் இருந்தன. சுரண்டினான். கூடத்தில் பேச்சு சட்டென்று நின்றது.

"என்னங்க அது சத்தம்?"

அப்பா எழுந்து நின்றது கேட்டது. ஓரடி எடுத்து வைத்தது கேட்டது. பித்தளைத் தட்டு கைதவறித் தரையில் விழுந்து, சுழன்று சுழன்று அடங்கியது.

அப்பா தொண்டையைச் செருமினார்.

"எலிங்க," என்றார்.

இருட்டுக்குள் ஒரு விரல் மெதுவாக வந்து, அவன் உதட்டைத் தேடி, அதன் மேல் படிந்தது.