நோவு பதிவாகவில்லை

“உங்கள் வீதியில் நோவு எதுவும் பதிவாகவில்லை. தங்கள் பயணம் இனிதாகுக!”

கைப்பேசி சொன்னதைத் திலகவதி இன்னொரு முறை ஓடவிட்டுக் கேட்டாள். அவளுடைய இடது முழங்கையில் கட்டுப் போட்டிருந்தது. சக்கர நாற்காலியின் முன்சக்கரம் ஒன்று கோணிக்கொண்டு நின்றது. முந்தின நாள் கேரம் கிளப்புக்குப் போகும் வழியில், வீதி முனைப் பள்ளம் நாற்காலியோடு சேர்த்து அவளைக் குப்புறத் தள்ளியிருந்தது.

“என்ற முழங்கையக் கேட்டுப் பாக்கச் சொல்லு, நோவு இருக்குதா இல்லையான்னு அது சொல்லும்” என்றாள்.

“ஆமாக்கா” என்றான் தம்பி சிவநேசன். அக்காவைத் தூக்கி வந்து, கட்டுப் போட வைத்து, ராத்திரியெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன்தான். ஆனாலும் இப்போது அவன் கண் மேசை மேல் இருந்த ஸ்பிரிங் படங்களில் இருந்தது. பாசம் ஒரு பக்கம், பைத்தியம் ஒரு பக்கம்.

கோயம்புத்தூர் முழுக்கத் தானாறும் தார் போட்டுப் பல வருடங்கள் ஆகியிருந்தன. ஒவ்வொரு வண்டியின் ஷாக் அப்சார்பரிலும் நோவுணரி என்று ஒரு சின்னக் கருவி. சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் அந்த அடியை அது சாலைக்குச் சொல்லும். போதுமான அடிகள் சேர்ந்ததும், போக்குவரத்து ஓய்ந்த நேரத்தில் தார் இளகிப் பரவிப் பள்ளத்தை மூடிக்கொள்ளும். அழுத பிள்ளைக்குப் பால் என்ற பழைய கணக்குதான். சாலையே கேட்டுக்கொள்ளும்போது மனிதர் எதற்கு என்று மாநகராட்சி புகார்ப் பிரிவையும் இழுத்து மூடிவிட்டது.

கொஞ்ச காலம் ஊர் பளபளவென்று இருந்தது. பிறகு மிதவைக் கார்கள் வந்தன. முன்னால் இருக்கும் பள்ளத்தை முன்கூட்டியே பார்த்துச் சக்கரத்தை மடக்கித் தாண்டிவிடும் சஸ்பென்ஷன். உள்ளே இருப்பவர் கையில் டீ டம்ளர் இருந்தால் அது கூடத் தளும்பாது. பேருந்தும் ஸ்கூட்டரும் கூட மிதக்கத் தொடங்கின. யாருக்கும் வலிக்கவில்லை, ஆகவே நோவுணரிகளுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. வண்டிகள் மிதக்க மிதக்கச் சாலை அழுகியது. அது நடக்கிறவர்களுக்கும் தள்ளுவண்டிக்காரர்களுக்கும் திலகவதிக்கும் மட்டுமே தெரிந்தது. அவர்களிடம்தான் ஷாக் அப்சார்பர் கிடையாதே.

சிவநேசனிடம் மிதவைக் கார் இல்லை. ஏலத்தில் எடுத்த பழைய இரண்டு கதவுக் கூப்பே கார் இருந்தது. கூரை வளைவும் பின்புறமும் பார்த்தால் கண் எடுக்க முடியாது. ஒரே குறை, நம்மூர்ச் சாலைக்கென்று கம்பெனிக்காரன் அதை உயரத் தூக்கி வைத்து விற்றிருந்தான். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாய்க்கால் தாண்டுகிறவள் மாதிரி நின்றது அந்த வண்டி. அந்த உயரத்துக்குப் பள்ளம் எதுவும் அதன் நோவுணரிக்கு உறைத்ததே இல்லை. டயருக்கும் மேலே உள்ள வளைவுக்கும் நடுவில் ஒரு பூனை படுத்துத் தூங்கலாம், தூங்கியும் இருக்கிறது. அந்த இடைவெளியை ஒழித்துக்கட்டி, தரையோடு இறக்கிய வண்டிகளுக்கென்று தை மாதம் நடக்கும் குனிவண்டிக் கண்காட்சியில் தன் காரை நிறுத்திவிட வேண்டும் என்பது அவன் தவம். மோட்டார் பம்பு கம்பெனியில் சோதனைப் பிரிவு வேலை. சம்பளம் தவத்துக்கு ஒத்துழைக்கவில்லை.

“ஆசை இருக்குது தாசில் பண்ண, அம்சம் இருக்குது கழுதை மேய்க்க” என்றாள் திலகவதி. “போ. போயி எறக்கிட்டு வா. ஊட்டுல ஒருத்தராவது நெனச்ச எடத்துக்குப் போலாம்.”

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். மாவட்ட அளவில் ஆடுகிறவள் அவள். கிளப்புக்குப் போகாவிட்டால் அவளுக்கு மூச்சு முட்டும் என்பது அவனுக்குத் தெரியும். அந்தச் சொல் அவனை உக்கடம் வரை விடாமல் குத்திக்கொண்டே வந்தது.

உக்கடத்தில் பழைய உதிரிப்பாகங்கள் விற்கும் ரஃபீக் பாய், வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

“எவ்வளவு எறக்கோணும் தம்பி?”

“டயருக்கு மேல ரெண்டு விரல் போனாப் போதுங்க பாய். பாக்கறக்கு நல்லா இருக்கோணும், கையக் கடிக்கவும் கூடாது.”

“அழகா இருக்கோணும், சல்லிசா இருக்கோணும், சொகுசா இருக்கோணும். இதுல ரெண்டு கேளுங்க, தர்றேன். மூணாவது ஆண்டவன்கிட்டக் கேளுங்க.”

“சொகுசு வேண்டாங்க.”

“அப்பச் செரி.” பாய் ஒரு செட்டை எடுத்து வந்து வைத்தார். உயரத்தைத் திருகி ஏற்றி இறக்கிக்கொள்ளும் வகை. சிவநேசன் ஆசையாகத் தடவியபோது விரலில் எண்ணெய் ஒட்டியது. அடைப்பு போய் ஒழுகுகிற சரக்கு. பாய் கூச்சமே படாமல் அதை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

“இருக்கற ஸ்பிரிங்கையே ஒரு சுத்து வெட்டி விட்டா?”

“உங்களுக்கு ஊட்டுல ஆள் இருக்குதல்ல? வெட்டுன ஸ்பிரிங் அது எடத்துல உக்காராது. பள்ளத்துல சக்கரம் தொங்குச்சுன்னா கழண்டுக்கும். அத மட்டும் பண்ணாதீங்க.”

கடைசியில் ஒத்துவந்தது ஒரு குட்டை ஸ்பிரிங் செட். பழைய ஷாக் அப்சார்பரோடு அதை மாட்டினால் அது சீக்கிரம் அடிவாங்கிக் கெட்டுவிடும் என்பதால், பந்தயத் திடலில் ஓடிய ஒரு வண்டியிலிருந்து கழற்றிய குட்டை ஷாக் அப்சார்பர்களும் சேர்ந்தன. அவற்றை யாரும் சீந்தாமல் கிடந்ததால் விலை படிந்தது.

“ரொம்ப எறுகலுங்க. இடுப்பு பத்திரம்” என்றார் பாய். “இதுல இருக்கறது மொதமொதல்ல வந்த நோவுணரி வேற. ஊசி குத்துனாலே ஊரக் கூட்டும்.”

வண்டி இறங்கிவிட்டது. சிவநேசன் தெருவில் எட்ட நின்று பார்த்தான், குந்தி உட்கார்ந்து பார்த்தான், எதிர்க் கடைக் கண்ணாடியில் பார்த்தான். பாயும் போ, இடுப்பும் போ என்றிருந்தது. அந்தச் சந்தோஷம் வீதி முனை வரை நீடித்தது.

பள்ளத்தில் இறங்கியபோது பல்லோடு பல் மோதி நாக்கு கடிபட்டது. வண்டியின் தாடையான முன் பம்பர் தரையில் உரசிய சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் எழுந்து ஓடியது. வீட்டு வாசலில் நிறுத்தி, இரண்டாக மடங்கி வெளியே வந்தவனைப் பார்த்து ஜன்னலோரம் இருந்த திலகவதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். விழுந்த பிறகு அவள் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அவன் வேலைக்குப் போக அந்த வழி, வர அந்த வழி. காலையும் மாலையும் நாக்கைப் பத்திரப்படுத்திக்கொண்டு வண்டியை இறக்கி ஏற்றினான். அந்த வாரம் முடியும் முன்பே ஒரு காலையில், பள்ளம் இருந்த இடம் வெதுவெதுப்பாக, கறுப்பாக, மட்டமாக இருந்தது.

திலகவதி நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தாள். குனிந்து உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள்.

“பவுடர் போட்ட போர்டாட்ட இருக்குதுடா” என்றாள். அன்று சாயங்காலம் கிளப்புக்குப் போய், கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு ஆடி, இரண்டு பேரைத் தோற்கடித்துவிட்டு வந்தாள்.

சிவநேசனுக்கு அப்போதுதான் உறைத்தது. அவனுடைய காருக்கு வலித்ததால் சாலை கேட்டது. இத்தனை நாள் அந்த வீதியில் வலியே இல்லாமலில்லை. வலித்தவர்களிடம் கருவி இல்லை, கருவி வைத்திருந்தவர்களுக்கு வலிக்கவில்லை. ஒன்றும் நினைக்காமல் வாங்கிய சல்லிசான ஸ்பிரிங் அக்காவுக்கு வாயாக ஆகிவிட்டது. அவனுக்குப் பெருமையாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

விஷயம் பரவ நேரமாகவில்லை. அடுத்த வீதி மருதாசலம் வந்து நின்றார். பெரிய மிதவைக் கார் வைத்திருப்பவர்.

“ஏனுங்க தம்பி, என்ற வண்டில டயர் டயராப் போவுது. ஏன்னே தெரியறதில்லீங்க. நேத்துச் செருப்பில்லாம எறங்கி நடந்தனா, அப்பத்தான் தெரியுது, குழிக்கு நடுவுல எங்க வீதி எங்க இருக்குதுன்னே தெரியல. நம்ம பக்கம் நாலு வாட்டி வந்துட்டுப் போறீங்களா?”

போனான். பிறகு பள்ளிக்கூட வீதிக்காரர்கள் கூப்பிட்டார்கள், மார்க்கெட் சந்துக்காரர்கள் கூப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரார் வலியைக் கேட்டு வாங்குவதே அவன் வேலையாயிற்று. பஜ்ஜி கொடுத்தார்கள், டீ கொடுத்தார்கள், ஒருவர் இடுப்புப் பட்டை வாங்கிக் கொடுத்தார். ஞாயிறு சாயங்காலம் அவனைக் குப்புறப் போட்டுத் திலகவதி ஒற்றைக் கையால் தைலம் தேய்ப்பாள்.

“எனக்கு வர வேண்டிய நோவெல்லாம் நீ வாங்கிட்டு வர்றே” என்றாள் ஒரு நாள்.

“கார் நல்லா இருக்குதல்லக்கா” என்றான் அவன், தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு.

இப்படியே போயிருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் வலிக்கு மதிப்பு இருக்கிறது என்று தெரிந்தால் அதைச் செய்து விற்க ஆள் வராமல் இருக்குமா? மிதவைக் கார் செய்கிறவர்கள் நோவுப்பெட்டியைக் கொண்டு வந்தார்கள். டிபன் பாக்ஸ் அளவுதான். அதில் ஒரு பொத்தான். சொகுசாக உட்கார்ந்தபடி அழுத்தினால், அடி மேல் அடி பட்டதைப் போலவே அந்த வீதிக்குச் செய்தி போகும். மருதாசலம் முதல் ஆளாக வாங்கினார். அவர் வீதி கண்ணாடியானது. பெட்டி வாங்கிய வீதிகள் எல்லாம் கண்ணாடியாயின. சிவநேசனை யாரும் கூப்பிடவில்லை. அவன் இடுப்புக்கு அது நல்லதாகத்தான் பட்டது.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. சாக்கடை உடைந்து, பழைய இடத்திலேயே பள்ளம் விழுந்தது. திலகவதி வீட்டுக்குள் அடைந்தாள். மாவட்டப் போட்டிக்கு அவள் தேர்வாகியிருந்த நேரம். கிளப்புக்குப் போய்ப் பயிற்சி எடுக்காமல் அதில் உட்கார முடியாது.

“கவலப்படாதேக்கா, ரெண்டு நாள்ல மூடிரும்” என்று சிவநேசன் பள்ளத்தில் வண்டியை விட்டான். மறுபடி விட்டான். வேண்டுமென்றே வேகமாக விட்டான். வண்டியின் தாடை உடைந்து தொங்கியது. தார் அசையவில்லை. நாள்கள் போயின. கடைசியில் கைப்பேசியில் செய்தி வந்தது.

“தங்கள் வாகனம் அனுப்பும் நோவு ஐயத்துக்குரியது. இயல்பான நோவின் வடிவத்தோடு அது ஒத்துப்போகவில்லை.”

செய்தியைத் தூக்கிக்கொண்டு ரஃபீக் பாயிடம் ஓடினான். பாய் படித்துவிட்டுத் தாடியைத் தடவினார்.

“ஊர் பூராப் பொட்டி வந்துருச்சல்லங்க. இப்ப வர்ற நோவுல முக்காவாசி பொட்டி நோவு. அது அளந்து வெச்சாப்புல, ஒரே மாதிரி, அழகா இருக்கும். அதப் பாத்துப் பாத்து, நோவுன்னா இப்பிடித்தான் இருக்கும்னு அந்த எந்திரம் படிச்சுக்கிச்சு. உங்களுது கன்னாபின்னான்னு வருது. நம்பாதுங்க.”

“நெசமா அடிபட்டா கன்னாபின்னான்னுதான பாய் இருக்கும்?”

“அத என்கிட்டச் சொல்லி என்னங்க பண்றது? நம்போணும்னா நீங்களும் ஒரு பொட்டி போடோணும்.”

சிவநேசன் வெளியே நின்ற காரைப் பார்த்தான். தாடை உடைந்திருந்தாலும் அந்த இறக்கம், அந்தக் கூரை வளைவு. கண்காட்சிக்கு இன்னும் இரண்டே மாதம்தான். வெளியே போய்க் குனிந்து, டயருக்கு மேலே இரண்டு விரலை நுழைத்துப் பார்த்தான்.

“செட்டத் திருப்பி எடுத்துக்குவீங்களா?” என்றான் கடைசியில்.

பழைய ஸ்பிரிங்குகளின் மேல் உயர்ந்து, மறுபடியும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தது கார். திலகவதி ஜன்னலோரத்திலிருந்து பார்த்தாள். இந்த முறை சிரிக்கவில்லை.

“கண்காட்சி?”

“அடுத்த வருஷமும் வெப்பாங்கக்கா.” செட்டைக் கொடுத்த காசில் வாங்கிய நோவுப்பெட்டியை மேசை மேல் வைத்தான். “நாளைக்குக் கார்ல மாட்டிர்றேன்.”

“கார்ல எதுக்கு? என்ற நாற்காலிக்கு அடியில மாட்டு.”

“அதுல ஷாக் அப்சார்பர் இல்லையேக்கா.”

“பொய்யா அழுவறதுக்கு ஷாக் அப்சார்பர் எதுக்குடா?”

சிவநேசன் ஸ்பேனரை எடுத்து வந்து நாற்காலியின் அடியில் பெட்டியை முடுக்கினான். கூடத்துத் தரை வழவழவென்றிருந்தது. கேரம் போர்டில் பாதி ஆட்டத்தில் காய்கள் கிடந்தன. திலகவதி முதுகை வசதியாகச் சாய்த்துக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். நாற்காலி அசையக் கூட இல்லை. மடியில் இருந்த கைப்பேசி உடனே பேசியது, இதுவரை கேட்டிராத கனிவோடு.

“உங்கள் நோவு உண்மையானது என உறுதிசெய்யப்பட்டது. மிகவும் வருந்துகிறோம்.”

அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிவநேசன் தரையில் உட்கார்ந்து சிரித்தான். திலகவதியும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவன் நிறுத்திய பிறகும் அவள் கண்ணில் நீர் நிற்கவில்லை.

“விழுந்த அன்னைக்கு இத ஒருத்தரும் சொல்லலியேடா” என்றாள், முழங்கையைத் தடவியபடி.

வெளியே வண்டிகள் ஓய்ந்த வீதி முனையில் தார் இளகத் தொடங்கியிருந்தது.